சீசர் தலையும் சேரி மரக்காலும்

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திர சோழன் பெயரில் ஒரு நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார். 2010இல், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததையொட்டி 5 ரூபாயிலும் 1000 ரூபாயிலும் நாணயம் வந்தது. ஆயிரம் ரூபாய் நாணயத்தை நீட்டி யாரும் ரேஷன் கடையில் அரிசி வாங்கப் போவதில்லை. அது பெட்டிக்குள் வைத்துப் பார்க்க, எடுத்துக் காட்ட, பெருமைப்பட அடிக்கப்பட்ட காசு. புழங்காத காசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மன்னார்குடியில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு நம் மாணவர் தோழர்கள் சிலர் போய்வந்தார்கள். கண்ணாடிக்கு அடியில் ரோமாபுரி வெள்ளிக் காசுகள், சேரர் காசு, சோழர் செப்புக்காசு எல்லாம் இருந்தனவாம். திரும்பி வந்தவர்களில் ஒரு தம்பி சொன்னான்: "அண்ணே, ரோமாபுரி தங்கமெல்லாம் நம்ம நாட்டுக்குத்தாண்ணே வந்துருக்கு. நாமளும் ஒரு காலத்துல பெரிய ஆளுங்கதான்." நான் கேட்டேன்: "நாமன்னா யாருடா தம்பி?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கேள்வி இங்கேயே நிற்கிறது. மிளகுக்கும் முத்துக்கும் பொன் கொட்டிய யவனர் கதையைப் பாடப்புத்தகத்தில் படிக்கிற ஒவ்வொரு சேரிப் பிள்ளையும் இந்த 'நாம்' என்கிற சொல்லுக்குள் உட்கார வைக்கப்படுகிறான். வகுப்பில் உட்கார வைத்ததுபோலவே, கொஞ்சம் தள்ளி.

முதலில் அந்தக் காசில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற முதலிரண்டு பேரரசர்களுடையவை. அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும். காயஸ், லூசியஸ் என்கிற பேரப்பிள்ளைகள். தாத்தா தத்தெடுத்து வாரிசாக அறிவித்தவர்கள். நம்மூரில் தலைவர் படத்துக்குக் கீழே மகன் படமும் பேரன் படமும் போட்டுச் சுவரொட்டி அடிப்பார்களே, அதேதான். சுவரொட்டியைவிடக் காசு தூரம் போகும், மழையில் கரையாது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இரண்டு பேரும் ஆட்சிக்கு வருமுன்பே, கி.பி. 2இலும் 4இலும் செத்துப்போனார்கள். காசு மட்டும் கரூருக்கும் கோவை வெள்ளலூருக்கும் வந்து மண்ணுக்குள் கிடந்தது.

டைபீரியஸ் காசில் செங்கோலும் கிளையும் பிடித்து ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றித் தலைமைப் பூசாரி என்று அரசனுடைய பட்டம் எழுதியிருக்கும். ராஜாவும் அவனே, தலைமைப் பூசாரியும் அவனே. சத்திரியனும் பார்ப்பனனும் ஒரே தலைக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் காசு சாட்சி.

இன்னொரு வகை இருக்கிறது. கி.பி. 70இல் ஜெருசலேமைத் தீ வைத்து அழித்த பிறகு வெஸ்பாசியன் அடித்த காசு. ஓர் ஈச்சமரம். அதன் அடியில் தலையில் கை வைத்து அழுதபடி ஒரு யூதப் பெண். பக்கத்தில் கைகட்டப்பட்ட கைதி, அல்லது கவச உடுப்போடு நிற்கிற ரோமன். 'யூதேயா பிடிபட்டது' என்று எழுத்து. தோற்றவனின் அவமானத்தை உலோகத்தில் அடித்துக் கோடிக் கைகளில் புழங்க விடுவது எப்பேர்ப்பட்ட யோசனை! அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட யூதனுக்கு விலையாக நீட்டப்பட்ட காசிலும் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்திருப்பாள்.

வெள்ளி எங்கிருந்து வந்தது? ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் பக்கத்துச் சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்ததாகப் பாலிபியஸ் குறித்ததை ஸ்ட்ராபோ எடுத்துச் சொல்கிறார். இரவும் பகலும் நிலத்துக்கடியில் கிடந்த அந்த அடிமைகளுக்குச் சாவே மேலாக இருந்தது என்று டயோடோரஸ் எழுதுகிறார். காசு சேர்க்கிறவர்கள் ஒரு தினாரியத்தை எடுத்துக்கொண்டு "தலை தெளிவா விழுந்திருக்கு" என்பார்கள். யார் தலையில் விழுந்தது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

சரி, இந்தப் பக்கம் வருவோம். வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பினார். இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்துப் பத்துக் கோடி என்பது அவருடைய இன்னொரு கணக்கு. இந்தப் புலம்பலைத் தமிழ்ப் பெருமை பேசுகிற மேடைகள் பட்டயம் மாதிரி படிக்கின்றன. ஆனால் அதே முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த செங்கடல் பயணக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு பற்றி ஒரு வரி இருக்கிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அது நடத்தப்பட்டது என்கிறார். பாண்டியன் முத்து என்று மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் அந்த வரியைத் தொடுவதில்லை. மூச்சடக்கி முங்கியவன் கைதி, முத்து அரசனுக்கு, பொன் வணிகனுக்கு. ஸ்பெயின் சுரங்கத்தில் வெள்ளி எடுத்தவனும் கொற்கைக் கடலில் முத்து எடுத்தவனும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர்கள் எடுத்தவை இரண்டும் ஒரு வணிகன் கையில் சந்தித்துக்கொண்டன. 'ரோம் - தமிழக வணிகம்' என்பதை இந்தச் சந்திப்பிலிருந்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரைக்கும். பெரும்பாலான காசுகளில் பேரரசன் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஹில் அதே ஆண்டு இதைப் பற்றி எழுதினார். ஏன் வெட்டினார்கள்? செல்லாக்காசாக ஆக்க என்று ஒரு விளக்கம். உள்ளே தங்கமா என்று சோதிக்க என்று ஒரு விளக்கம். அந்நிய அரசன் தலை இங்கே செல்லாது என்று காட்ட என்று ஒரு விளக்கம்.

தோழர்கள் சிலருக்கு இந்த வெட்டைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. "பாத்தீங்களா, அன்னைக்கே பேரரசன் தலையைக் கொத்திப்புட்டான்!" ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 501 பொற்காசு எவன் கையில் இருந்தது? கூலிக்காரன் கையிலா? வெட்டியவனிடம் உளியும் இருந்தது, வெட்டச் சொல்கிற அதிகாரமும் இருந்தது. ஓர் அரசனோ அவனுக்கு வேண்டிய வணிகனோ இன்னோர் அரசன் தலையை வெட்டியது நமக்கு விடுதலை ஆகாது. பக்கத்திலேயே கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளைப் பாருங்கள். ரோமானியக் காசைப் பார்த்து அடித்ததுபோல ஒரு தலை, மேலே தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்று பெயர். ஒருவன் சீசர் தலையை வெட்டுகிறான். இன்னொருவன் சீசர் மாதிரியே தன் தலையைப் போட்டுக்கொள்கிறான். இரண்டும் ஒரே ஆசையின் இரண்டு பக்கம்.

ஆளப்பட்டவன் பேரரசன் தலையை அழித்ததற்கு உண்மையான சாட்சி வேண்டுமானால் யூதேயாவுக்குத்தான் போக வேண்டும். கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கலகத்தில், ரோமானியக் காசுகளைச் சுத்தியால் அடித்தும் அரத்தால் ராவியும் மன்னன் தலையை அழித்து, அதே உலோகத்தின் மேல் தங்கள் கோயில் முகப்பையும் திராட்சைக் கொத்தையும் ஜெருசலேம் விடுதலை என்ற எழுத்தையும் குத்தினார்கள். சில காசுகளில் அழிந்த பேரரசனின் மூக்கும் எழுத்தும் அடியில் இன்னும் தெரிகின்றன. கலகம் தோற்றது. ஆனால் அவர்கள் தலைக்குப் பதிலாக இன்னொரு தலையைப் போடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு மோசடியையும் குறித்துக்கொள்ளலாம். ஜூலியஸ் சீசரைக் குத்திய புரூட்டஸ் ஒரு காசு அடித்தான். இரண்டு குத்துவாள், நடுவில் ஒரு குல்லாய். அந்தக் குல்லாய் விடுதலை பெற்ற அடிமை அணிகிற குல்லாய். அடிமை வைத்திருந்த செனட் சபைப் பிரபுக்கள், அடிமையின் விடுதலைச் சின்னத்தை எடுத்துத் தங்கள் பதவிச் சண்டைக்குக் கொடியாக்கிக்கொண்டார்கள். அந்த வகைப் பொற்காசு ஒன்று 2020இல் லண்டனில் பல கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. பூர்வீகம் பொய் என்று தெரிந்து 2023இல் கிரீஸ் நாட்டுக்குத் திருப்பித் தரப்பட்டது. அடிமையின் குல்லாய் கோடிக்கு விலைபோகும், அடிமை விலைபோனது வேறு சந்தையில். இங்கே தேர்தல் வந்தால் நீலத்துண்டு போட்டுக்கொண்டு அம்பேத்கர் சிலைக்கு மாலை போட வருகிற பெரிய மனிதர்களைப் பார்க்கும்போது எனக்குப் புரூட்டஸ் காசு ஞாபகம் வரும்.

பேரரசன் தலை நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. தங்கத்தை நாம் எதில் அளக்கிறோம்? சவரனில். சவரன் என்பது இங்கிலாந்து ராஜா, ராணி தலை போட்ட பொற்காசு. 7.98 கிராம் எடை. அதைத்தான் நகைக்கடைக்காரர் 8 கிராம் என்று முழுசாக்கி வைத்திருக்கிறார். பவுன் என்பதும் அவர்கள் பணத்தின் பெயர்தான். வெள்ளைக்காரன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, "பொண்ணுக்கு எத்தனை சவரன் போடுவீங்க" என்று கேட்கிற வாயில் விக்டோரியா இன்னும் உயிரோடு இருக்கிறாள். காசுமாலை என்பதே அரசன் தலைகளைக் கோத்துக் கழுத்தில் போடுவதுதான். ரோமானியக் காசையும் அந்தக் காலத்திலேயே துளைபோட்டு, வளையம் வைத்துக் கோத்திருக்கிறார்கள்.

யார் கழுத்தில்? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். முதல் தடையே பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது என்பது. அடுத்த வருஷம் எட்டு பதினொன்றானது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. இதை எழுதிவைத்தவர் அன்றைய சென்சஸ் அதிகாரி ஹட்டன். ரோமாபுரிப் பொன் தமிழகத்தில் குவிந்தது என்று சொல்லும்போது, அந்தப் பொன் எந்தக் கழுத்தில் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இப்போது சோழர் காசுக்கு வருகிறேன். உட்கார்ந்த புலி, பக்கத்தில் பாண்டியனின் மீன், சேரனின் வில். வெஸ்பாசியன் காசில் அழுகிற பெண் சொன்னதைத்தான் இந்த மீனும் வில்லும் சொல்கின்றன: இவர்களை நான் பிடித்தேன். ஈழத்தை வென்ற பிறகு அங்கேயும் சோழன் காசின் அச்சையே பார்த்துப் பின்னால் வந்த சிங்கள மன்னர்களும் காசு அடித்தார்கள். வென்றவன் போனாலும் அச்சு போவதில்லை. இங்கிலாந்துக் காசில் கேடயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியாவை நம் தாத்தாக்கள் செப்புக்காசில் பார்த்திருப்பார்கள். அவள் முதலில் ரோமானியன் தான் பிடித்த பிரிட்டன் தீவை ஒரு பெண்ணாக வரைந்து காசில் போட்ட உருவம். 1672இல் இங்கிலாந்து அரசன் அவளை எடுத்துத் தன் செப்புக்காசில் போட்டான். பிடிபட்டவளின் படம், பிடிக்கிறவனின் சின்னமாயிற்று.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இன்று டெல்டாவில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பேரரசன் இருக்கிறான். ஐப்பசி சதயத்துக்கு ஒட்டுகிற சுவரொட்டியில் இராஜராஜன் எத்தனை சாதியில் பிறக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். 'ஆண்ட பரம்பரை' என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு பைக்கில் வருகிறவன், நம் தெருவுக்குள் வரும்போது ஆரனை அழுத்துகிறான். அதைப் பார்த்த நம் பிள்ளைகளும் "நாங்களும் ஆண்டவங்கதான்" என்று கிளம்புகிறார்கள். அடிபட்டவனின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோழர்களே, பிரிட்டானியாவின் பாதை அது. ஆண்டவன் என்று நிரூபித்தால்தான் மனுசன் என்று ஒத்துக்கொள்வான் என்றால், ஆளாதவனை மிதிக்கலாம் என்று நாமும் ஒத்துக்கொண்டதாக ஆகும்.

2019இல் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. ரஞ்சித் இராஜராஜன் ஆட்சியை விமர்சித்துப் பேசியதற்கு வழக்குப் போட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்த அரசனைத் தொட்டால் இன்று போலீஸ் வருகிறது. பெரிய கோயில் கல்வெட்டிலேயே, கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களைக் கணக்கெடுக்கும் இடத்தில் சுடுகாட்டோடும் குளத்தோடும் சேர்த்துப் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் வெட்டியிருக்கிறது. நாம் வரலாற்றில் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறோம். புலி போட்ட காசில் இல்லை, வரிக்கணக்கில் ஒதுக்கிய நிலமாக இருக்கிறோம்.

இந்த நெல் நாட்டில் நம் பாட்டன் பாட்டிகள் காசையே அதிகம் பார்க்கவில்லை. பண்ணையாளுக்குக் கூலி நெல். அதை அளந்தது மரக்கால். எங்கள் அப்பாயி சொல்லும்: "காசுல ராசா தலை எந்தப் பக்கம் பாக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மரக்கால்தான். நமக்கு அளக்க ஒரு மரக்கா, நம்மகிட்ட வாங்க ஒரு மரக்கா." சீசரின் அதிகாரம் தலையில் இருந்தது. மிராசுதாரின் அதிகாரம் மரக்காலின் அடிப்பலகையில் இருந்தது. ரோமில் நீரோ கி.பி. 64இல் தினாரியத்தின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். இங்கே மிராசுதார் மரக்காலைக் குறைத்தார். நீரோ குறைத்ததை வணிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான் தமிழகத்துப் புதையல்களில் அதற்கு முந்தைய வெள்ளிக் காசுகளே அதிகம். மிராசுதார் குறைத்ததை நம் ஆட்களும் கண்டுபிடித்தார்கள். ஆனால் கேட்டால் சவுக்கடி, சாணிப்பால்.

கேட்டார்கள். களப்பாலிலும் தென்பரையிலும் இந்த மன்னார்குடி வட்டாரத்துச் சேரிகளிலும் 1943, 44இல் சங்கம் கட்டிக் கேட்டார்கள். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். முத்திரை போட்ட சரியான மரக்காலில் அள என்பது அந்தப் போராட்டங்களின் கோரிக்கை. கோரிக்கையைக் கவனியுங்கள். அவர்கள் அரசன் தலையைக் கேட்கவில்லை. பொய் சொல்லாத அளவைக் கேட்டார்கள். களப்பால் குப்பு 1948இல் சிறையில் செத்தார். 1968 டிசம்பர் 25இல், கூலியைக் கூட்டிக் கேட்டதற்கும் கொடியை இறக்க மறுத்ததற்கும் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மன்னார்குடி மதிலழகு என்பார்கள். ராஜகோபாலசாமி கோயில் மதிலைப் பார்க்க வருகிறவர்களிடம் 1944 ஒப்பந்தம் எந்த இடத்தில் கையெழுத்தானது என்று கேட்டுப் பாருங்கள்.

அளவு பொய் சொல்லக்கூடாது என்பதை லண்டன் வரை கொண்டுபோனவர் ஒருவர் உண்டு. 1923இல் பாபாசாகேப் அம்பேத்கர் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் ரூபாயின் சிக்கல் பற்றியது. பணத்தை அச்சடிக்கிறவன் இஷ்டத்துக்கு அச்சடிக்க விடக்கூடாது, அதற்கு எல்லை கட்ட வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஹில்டன் யங் கமிஷன் முன்பு சாட்சி சொன்னபோதும், ரூபாயின் மதிப்பு விழுந்தால் வியாபாரிக்கு வருகிற லாபம் உழைப்பவன் கூலியின் வாங்கும் சக்தியிலிருந்து எடுத்தது என்று விளக்கினார். நூற்றாண்டை ஒட்டி 1990இல் அவர் தலையையே ஒரு ரூபாய்க் காசில் போட்டார்கள். அந்தக் காசு எங்கள் பக்கத்து டீக்கடைக்கும் வந்தது. பெஞ்சு ஓரமாக நிற்கிறவன் அதைப் பலகையில் வைக்க வேண்டும். கையில் கொடுக்கக்கூடாது. கடைக்காரர் எடுத்துக் கல்லாவில் போட்டுக்கொள்வார். மிச்சச் சில்லறை மேலிருந்து விழும். காசுக்குத் தீட்டு இல்லை, கைக்குத்தான் தீட்டு. அம்பேத்கர் தலைக்கே இந்த மரியாதை என்றால், தலை போடுவதால் ஆவது என்ன?

கடைசியாகச் சேகரிப்பு பற்றி. காசு சேகரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாணவர் தோழர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ரோமானியக் காசுகளைப் பார்க்க வேண்டும். யாருக்குக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். உழுதவன், கிணறு தோண்டியவன், ரோடு போட்டவன் மண்வெட்டியில்தான் புதையல்கள் பெரும்பாலும் தட்டுப்பட்டன. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவனுக்கு முக்கால், நிலக்காரனுக்குக் கால். சர்க்கார் எடுத்துக்கொண்டால் உலோக விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். இந்தச் சட்டம் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? புத்தகத்தில் சீசர் பெயர் இருக்கும், சேர்த்தவர் பெயர் இருக்கும். மண்வெட்டி பிடித்தவன் 'ஒரு கூலியாள்'.

பன்னிரண்டு சீசர்களையும் வரிசையாகச் சேர்த்து முடிப்பது காசு சேர்ப்பவர்களுக்குப் பெரிய சாதனை. 1354இல் பெட்ரார்க் என்கிற கவிஞர், ஜெர்மானியப் பேரரசன் நான்காம் சார்லசுக்கு ரோமானியக் காசுகளைக் கொடுத்து, இவர்களைப் போல இரு என்று சொன்னாராம். பேரரசர் காசு சேர்ப்பதற்குள் அன்றிலிருந்தே இந்த உபதேசம் இருக்கிறது. நமக்கு வேறு சேகரிப்பு வேண்டும். பரண்மேல் கிடக்கிற குறைந்த மரக்கால், முத்திரை போட்ட மரக்கால், சங்கத்து ரசீது, பஞ்சமி நிலப் பட்டா, டீக்கடைக் கூரையில் செருகி வைத்திருந்த கொட்டாங்கச்சி. இவற்றையெல்லாம் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு சேரியிலும் ஒரு பெட்டி வையுங்கள். யார் வைத்திருந்தது, எந்த வருஷம், எந்தப் பண்ணை என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி ஒட்டுங்கள். அடுத்த கண்காட்சி மன்னார்குடியில் நடக்கும்போது டைபீரியஸ் தினாரியத்துக்குப் பக்கத்தில் அந்தக் கொட்டாங்கச்சியையும் வைக்கச் சொல்லிக் கேட்போம். வைக்க மாட்டேன் என்றால், ஏன் என்று எழுதி வாங்குவோம்.